பதினொரு மோடமும் ஒரு போலியும்

என் என்னங்க,

முப்பத்தாறு வருடத்தில் உங்களை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத்தில் மட்டும் எதற்கு அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும்? கீழே இருந்து 'என்னங்க' என்றால் மாடியில் இருந்து 'ம்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்று ஐந்து மாதம் ஆகிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நீங்கள் போன பிறகு எனக்கு அழுகை வந்ததைவிடச் சந்தேகம்தான் அதிகம் வந்தது. ஊரே கேட்டாலும் கேட்கட்டும், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பத்திரப் பதிவு அலுவலகத்தில் ரிட்டையர் ஆகும்வரை முப்பது வருடம் போலிக் கையெழுத்துகளைத் தேடியே பழகிய கண் இது. கட்டிய புருஷனுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்குமா?

உங்களை அடக்கம் செய்த அன்றே ஆரம்பித்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு எதிரே, ரோட்டின் மறுபக்கம், ஸ்கூட்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. ஜெபம் முடிந்து மண் போடும்வரை இருந்தாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்ததால் வேறு எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. யார் அது என்று பக்கத்தில் நின்ற என் தங்கையிடம் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நானோ அந்த ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது பாவமா? அப்படித்தான் இருக்கும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சேகர் வந்தான். திண்டிவனத்தில் நீங்கள் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது உங்களிடம் வேலை பார்த்தவன். இப்போது அதே ஊரில் பிரிண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். உங்களுக்கு அவன் தம்பி மாதிரி என்று எனக்குத் தெரியும். அவித்த மல்லாட்டைக் கடலை ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தான். அரைமணி நேரம் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, அண்ணன் ரூம்ல ஒரு பாக்ஸ் இருக்கும். சாம்பக் கலரு. முன்னாடி லைட்டுங்க வரிசையா இருக்கும். அத மட்டும் எடுத்துக்கினு போறேன்."

"எதுக்குப்பா?"

"சும்மாதான், ஒரு ஞாபகத்துக்கு."

"மேல அந்த மாதிரி பன்னெண்டு கெடக்குது. எல்லாத்தையும் எடுத்துக்கினு போ. இடம் காலியாவும்."

"வேணாக்கா. அது ஒண்ணு போதும்."

என் வேலையில் நான் கற்றது இதுதான். ஒரு ஆள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டால், அந்த ஒன்றில்தான் வில்லங்கம் இருக்கிறது. "இன்னொரு நாள் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பி மாடியையே பார்த்துக்கொண்டு போனான்.

அன்றைக்கு மத்தியானமே உங்கள் அறையைத் திறந்தேன்.

அந்த அறையை நான் எப்போதும் குப்பை மேடு என்றுதான் சொல்வேன். சென்டரை மூடியபோது நீங்கள் திண்டிவனத்திலிருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர்கள், வயர்கள், பெட்டி பெட்டியாக மோடம்கள். அந்தக் காலத்தில் டெலிபோன் வயரை இதில் செருகி, நம்பர் போட்டால் கீச்சென்று கத்திக்கொண்டு இன்டர்நெட்டைப் பிடிக்கும். அதெல்லாம் போய் எத்தனையோ வருடமாகிறது. ஆனால் நெஞ்சு வலி வந்து டாக்டர் உங்களை வெளியே தனியாகப் போகக் கூடாது என்று சொன்ன பிறகு, தினமும் காலை பதினொரு மணிக்கு மாடி ஏறிப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால் உட்கார்ந்தீர்கள். கீழே குக்கர் விசிலுக்கு நடுவில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கும். சில நாள் சிரிப்புச் சத்தமும்.

ஒரு மனிதன் தனியாக எதற்குச் சிரிக்க வேண்டும்? இரண்டு முறை செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி ஏறி வந்தேன். கருப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான். "டெஸ்டிங் பண்ணிக்கினு இருக்கேன்" என்றீர்கள். என்ன டெஸ்டிங், யாருக்கு டெஸ்டிங்?

உங்கள் போனை நான் தினமும் பார்ப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெனி போன நாளிலிருந்து வந்த பழக்கம் அது. நம் ஒரே பெண், நம் சபையும் இல்லாத, நம் சாதியும் இல்லாத ஒருவனைக் கட்டிக்கொண்டு போய் ஏழு வருடமாகிறது. அன்றைக்குச் சிலுவையின் முன்னால் உங்களை நிறுத்தி நான் வாங்கிய சத்தியம் ஞாபகம் இருக்கிறதா? அவள் முகத்தில் முழிக்க மாட்டேன், அவளோடு போனில் பேச மாட்டேன். நீங்கள் மறுபேச்சில்லாமல் செய்தீர்கள். உங்கள் போனில் ஒரு நாளும் தப்பான நம்பர் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால் ஜெனி பக்கம் என் சந்தேகம் போகவே இல்லை. ஹெல்மெட் பக்கம்தான் போனது.

ஒரு வாரம் அந்த மோடம்களோடு உட்கார்ந்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். நியூஸ் பேப்பரை விரித்து, பன்னிரண்டையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு மோடம் தெரியாது. ஆனால் ஒரு பொருள் தன்னைப் பற்றி எழுதி வைத்திருப்பதை நம்பலாமா கூடாதா என்று பார்க்கத் தெரியும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கம்பெனி பேர், மாடல், சீரியல் நம்பர், எத்தனை வோல்ட் என்று எல்லாம் இருந்தது. பின்னால் டெலிபோன் வயருக்கு இரண்டு சதுர ஓட்டை, கரண்டுக்கு ஓர் உருண்டை ஓட்டை, கம்ப்யூட்டருக்குப் போகும் பட்டையான கனெக்டர். சிலதின் மேல் நீங்கள் கருப்பு டேப் ஒட்டி வெள்ளை மையால் குறித்திருந்தீர்கள். 'எரிந்தது.' 'ஒன்பது வோல்ட் ஏசி மட்டும். டிசி கொடுத்தால் செத்துப்போகும்.' ஒன்றுக்கு ஸ்டிக்கரே கிழிந்துபோயிருந்தது. அதன் மூடியைக் கழற்றி, உள்ளே பெரிய சிப்பின் மேல் இருந்த பேரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, இன்னொன்றின் சிப்போடு ஒத்துப் பார்த்து, இரண்டும் ஒரே வகை என்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்கு நானே ஒரு காபி போட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

அடாப்டர்களையும் ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்தேன். பதினொன்றுக்குச் சேர்ந்தது. பன்னிரண்டாவது மட்டும் சேரவில்லை. சேகர் கேட்ட அதே சாம்பல் பெட்டி.

ஸ்டிக்கர் அதற்கு ஒன்பது வோல்ட் ஏசி என்று சொன்னது. ஆனால் அந்த உருண்டை ஓட்டையைப் பசை வைத்து அடைத்திருந்தது. டெலிபோன் வயர் போக வேண்டிய ஓட்டையிலிருந்து செல்போன் சார்ஜர் வயர் மாதிரி ஒன்று வெளியே வந்தது. கையில் தூக்கினால் மற்றதைவிடக் கனம் பாதிதான். ஸ்குரூக்கள் மட்டும் புதுசாக மின்னின. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நம் வீட்டு லேண்ட்லைனை ஒப்படைத்து ஒன்பது வருடமாகிறது. சுவரில் வெட்டிவிட்ட வயரின் நுனிதான் மிச்சம். அப்படியென்றால் அந்தப் பதினொன்றில் எதுவும் யாரோடும் பேசியிருக்க முடியாது. பேசியது இந்தப் போலிதான்.

பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். சேகரின் கடை மேஜையில், அவன் பிரித்து வைத்திருந்த பிரிண்டருக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். அவன் முகம் மாறிவிட்டது.

"இது இன்னா சேகர்?"

"மோடம்க்கா."

"பொய் சொல்லாத. திறந்து பாத்துட்டேன். உள்ள கட்டவெரல் அளவு ஒரு போர்டு இருக்குது. மத்தது எல்லாம் காலி."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டான்.

"அக்கா, அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு வைஃபைன்னா இன்னான்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மோடத்துகிட்ட நம்பர் குடுத்தா, மோடம் டயல் பண்ணும். அதனால அண்ணன் உள்ள இருந்தத எடுத்துட்டு இந்த போர்ட வச்சாரு. இது மோடம் மாரி நடிக்கும். கம்ப்யூட்டரு டெலிபோன்லதான் பேசறோம்னு நெனச்சிக்கினு இருக்கும். இது அப்படியே உங்க வீட்டு வைஃபைல போயிடும்."

"போயி? யார்கிட்ட பேசும்?"

அவன் துணியை எடுத்து ரோலரைத் துடைக்க ஆரம்பித்தான். "அத மட்டும் கேக்காதீங்கக்கா. அண்ணனுக்கு வாக்கு குடுத்துக்கிறேன்."

"பொம்பளையா?"

துடைப்பது நின்றது. "பொம்பளதான். ஆனா நீங்க நெனைக்கிற மாரி இல்ல."

நான் என்ன நினைக்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வயதுக்கு மேல் ஒரு பிரிண்டர் கடையில் உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று உங்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "எப்படி ஓட்டறதுன்னு மட்டும் எழுதிக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றேன். ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தான். கொடுக்கும்போது, "காலைல பதினோரு மணிக்குப் பண்ணுங்கக்கா" என்றான்.

மறுநாள் பதினொன்றுக்கு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் முனகி, எண்களை எண்ணி, எழுந்து உட்காரவே ஐந்து நிமிடம் ஆனது. சேகர் தாளில் குறித்திருந்த புரோகிராமைத் திறந்து ஏ, டி என்று அடித்தேன். திரையில் பல்லி கால் வைத்த மாதிரி கண்ட எழுத்தும் கொட்டியது. தாளில் அதற்கும் எழுதியிருந்தான்: 'கண்டது வந்தால் ஸ்பீடு தப்பு. இரண்டு பக்கமும் ஒன்றாக வேண்டும்.' பட்டியலில் ஒவ்வொரு ஸ்பீடாக மாற்றினேன். நான்காவதில் ஓகே என்று வந்தது. பிறகு ஏ, டி, ஐ. நீ யார் என்று மோடத்தைக் கேட்பதாம் அது. எந்த மோடமும் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமாம்.

இதுவும் சொன்னது. நம் வீட்டு வைஃபையின் பேர் வந்தது. அதன் கீழே, சேமித்த நம்பர் என்று ஒரே ஒரு வரி. பேர் இல்லை. முப்பது வருடத்தில் பேர் இல்லாத பதிவை நான் பார்த்ததே இல்லை.

அந்த வரியை டயல் செய்யச் சொன்னேன். கீச்சுச் சத்தம் எதுவும் இல்லை. சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது, கனெக்ட் என்று வந்தது, அவ்வளவுதான். பிறகு ஆங்கில எழுத்தில் தமிழ், ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து வந்தது.

"அப்பா?"

நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டேன்.

அடுத்த வரி வேகமாக வந்தது. "யாரு இது? இந்த லைன் எங்க அப்பாவுது. சேகர் அண்ணனா?"

எனக்கு டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். விரல் அதுபாட்டுக்குப் போனது. "அம்மா" என்று அடித்தேன்.

"எங்கம்மாவுக்கு அந்தக் கம்ப்யூட்டர ஆன் பண்ணக்கூடத் தெரியாது. யாருய்யா நீ? செத்துப்போனவரு லைன்ல வந்து வெளையாடறியா?"

நான்தான் என்று மறுபடி அடித்தேன். ஜெனி நம்பவில்லை. எப்படி நம்புவாள்? சந்தேகத்தைப் பாலோடு சேர்த்து அவளுக்கு ஊட்டியதே நான்தானே. பிறகு கேட்டாள்.

"நான் வீட்ட விட்டுக் கெளம்புன அன்னிக்கு அப்பா குளிச்சிக்கினு இருந்தாரு. எங்கம்மா வாசப்படியில நின்னு என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. அத நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னது இல்ல. அப்பாகிட்டகூட. அது இன்னா?"

என்னங்க, அதை நானும் உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் குளியலறையில் இருந்தீர்கள். அவள் பையோடு நின்றாள். நான் சொன்னேன்: "நீ செத்தாலும் எனக்குச் சேதி வரக் கூடாது. இங்க யாரு செத்தாலும் உனக்குச் சேதி வராது."

அதை எழுத்து எழுத்தாக அடித்தேன். ஒரு எழுத்து தப்பாகிவிட்டது. அழித்துத் திருத்தி, முழுசாக அடித்து அனுப்பினேன். இதைவிடப் பெரிய வாக்குமூலத்தை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் அங்கேதான் இருக்கிறாள் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. கடைசியாக வந்தது:

"சொன்னபடியே செஞ்சிட்டீங்க. அன்னிக்குப் பதினோரு மணிக்கு அப்பா லைன்ல வரல. நானா சேகர் அண்ணனுக்குப் போன் பண்ணித்தான் தெரிஞ்சிது. ரோட்டுல நின்னு பாத்தேன். ஹெல்மெட்ட எடுத்தா நீங்க தொரத்துவீங்கன்னு எடுக்கல."

விளக்கு அணைந்துவிட்டது.

அந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. குக்கர் அடிபிடித்து வாசனை மேலே வந்த பிறகுதான் எழுந்தேன். உங்களுக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று நினைத்தேன். இருந்தது உண்மைதான். நான் பெற்றவள். முகத்தில் முழிக்கவில்லை, போனில் பேசவில்லை. சத்தியத்தில் ஓர் எழுத்தைக்கூட நீங்கள் மீறவில்லை. இப்படி ஓட்டை பார்த்து எழுதின பத்திரத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. அந்த ஓட்டையைச் சத்தியம் செய்யும்போதே பார்த்துவிட்டீர்களா, பிறகு தேடிக் கண்டுபிடித்தீர்களா?

மறுநாள் பதினொன்றுக்கு டயல் செய்தேன். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் சேகர் போன் செய்தான். "அக்கா, லைன்ல போனீங்களா? ஜெனி அழுதுக்கினே இருக்குது. நான் வாக்குத் தவறிட்டேன்னு அண்ணன் இன்னா நெனப்பாரோ தெரியல" என்று சொல்லிவிட்டு, திண்டிவனத்தில் அவள் வீட்டு விலாசத்தைத் தானாகவே சொன்னான். முகவரி தெரிந்தும் இரண்டு நாள் நான் கிளம்பவில்லை. எனக்கு அவள் மேலும் சந்தேகம், சேகர் மேலும் சந்தேகம். நான் போனால் வாசலிலேயே நிற்க வைத்து, நான் சொன்னதை என்னிடமே திருப்பிச் சொல்வாளோ?

போனேன். பஸ்ஸில் முழு வழியும் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். இளைத்துவிட்டாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாளாம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டைத் திறக்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. என் வாயில் வந்தது இது: "அப்பா என்னப் பத்தி உன்கிட்ட இன்னா சொன்னாரு?"

ஜெனி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "ஏழு வருஷம் கழிச்சி வந்து மொதல்ல கேக்கறது இதான? நீங்க மாறவே இல்ல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பையிலிருந்து சாம்பல் பெட்டியை எடுத்து நீட்டினேன். "இது உனக்குத்தான வேணும்? சேகர அனுப்பினியே. வச்சிக்க."

பெட்டி கிரில் கம்பிக்கு நடுவில் நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தேன், படுக்க வைத்துப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டு, உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து கேட்டைத் திறந்தாள். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, முன்னால் இருந்த விளக்குகளை விரலால் தடவினாள். அப்போது சொன்னேன்.

"சேதி சொல்லி அனுப்பாதது என் தப்பு ஜெனி."

"அது தப்பு இல்லம்மா. தப்புன்னா திருத்திக்கலாம்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். திருத்த முடியாதது அது. ஆனாலும் நடுவில் ஓர் 'அம்மா' வந்து விழுந்ததை என் காது கவனித்துவிட்டது. வாய் தவறி வந்ததா, வேண்டுமென்று சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி நடக்க ஆரம்பித்த என்னைக் கூப்பிட்டாள். பெட்டியைத் திரும்ப என் கையில் வைத்தாள்.

"இத நான் வச்சிக்கினா நீங்க எப்படி லைன்ல வருவீங்க? எடுத்துக்கினு போங்க. அப்பா வர்ற டைமுக்கு வாங்க. இருந்தா பேசுவேன்."

"வீட்டுக்கு வரக் கூடாதா?"

"அத அப்புறம் பாக்கலாம்."

இது நடந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போது பதினொரு மணிக்கு நான் மாடியில் இருக்கிறேன். சமையலைப் பத்தரைக்கே முடித்துவிடுகிறேன். முதல் வாரமெல்லாம் எங்கள் பேச்சு ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தது. 'நலம்.' 'மழை இல்லை.' சில நாள் பாதியில் நிறுத்தி, "நீங்கதானா?" என்று கேட்பாள். நான் ஏதாவது ஒரு திட்டு அடிப்பேன். உடனே நம்பிவிடுவாள். ஒரு நாள் அவள் வீட்டுக்காரர் பிரபு, "வணக்கம் அத்தை" என்று அடித்தார். எனக்குப் பதில் அடிக்க ஒரு நிமிடம் ஆனது. "சாப்பாடு ஆச்சா" என்று அடித்தேன். ஆகிவிட்டதாம். புளிக்குழம்பாம். அந்த மனிதரைப் பற்றி இன்னும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, சொல்லிவிட்டேன். ஆனால் எழுத்துப் பிழை இல்லாமல் அடிக்கிறார்.

போன வாரம் ஜெனி கேட்டாள். "அப்பா பேசுனது எல்லாம் என்கிட்ட சேவ் ஆகி இருக்குது. மொத நாள்ல இருந்து. அனுப்பட்டுமா? அன்னிக்கு வந்து நின்னு கேட்டீங்களே, அதுக்குப் பதில் எல்லாம் அதுலதான் இருக்குது."

என்னங்க, நீங்கள் என்னை எவ்வளவு திட்டியிருப்பீர்கள்? கிண்டல் செய்து சிரித்தீர்களா? அந்தச் சிரிப்புச் சத்தம் என்னைப் பற்றித்தானா? இல்லை, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத மாதிரி எனக்காக அவளிடம் பரிந்து பேசியிருப்பீர்களா? அதுவாக இருந்தால் இன்னும் தாங்காதே. அத்தனை வருடத்துச் சாட்சியம், ஒரு தட்டு தட்டினால் என் முன்னால் வந்து விழும். இந்தக் கைக்கு அதைவிட ருசி வேறு எதிலும் கிடையாது. அவள் என்னைச் சோதிக்கிறாளோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

"வேண்டாம்" என்று அடித்தேன். "அது நீங்க ரெண்டு பேரும் பேசுனது."

"சரிம்மா" என்று வந்தது. இந்த முறை வாய் தவறி வந்திருக்க வழியில்லை. இரண்டு எம் அடிக்க வேண்டும் அதற்கு.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என்னைப் பற்றி அவளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவளிடம் கேட்க மாட்டேன், சேகரிடம் கேட்க மாட்டேன், என் சாவு வரைக்கும் யாரிடமும் கேட்க மாட்டேன். உங்கள் லைனை ஒரு நாளும் சும்மா போட மாட்டேன். சந்தேகப்பட மாட்டேன் என்று மட்டும் எழுதித் தர என்னால் முடியாது. தந்தால் அது போலிப் பத்திரம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
ஜெனியின் அம்மா,
விழுப்புரம்.